பிக்கப்பில் செல்ஃப் மோட்டார்: சாவியைத் திருப்பினால் ஒரே ஒரு “டக்”. வீட்டிலேயே மாற்றிவிடலாமா?

மண்சாலை:

வணக்கம். என்னிடம் இருப்பது 11 வருடப் பழைய டீசல் பிக்கப். 2.5 லிட்டர், நான்கு சிலிண்டர், மேனுவல் கியர். மூன்று வாரமாகச் சாவியைத் திருப்பினால் “டக்” என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது. இன்ஜின் அசைவதே இல்லை. விட்டுவிட்டுத் திருப்பினால் நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ ஒன்றுமே நடக்காததுபோல எடுத்துக்கொள்கிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் பெரும்பாலும் தகராறு இல்லை. சுமை ஏற்றி ஓட்டிவிட்டு, அணைத்து, பத்து நிமிடம் கழித்து எடுக்கப் போனால்தான் மக்கர்.

போன வாரம் சாமான் இறக்கிவிட்டுக் கிளம்பும்போது பதினாறு தடவை திருப்பினேன். வேறு வேலை இல்லாததால் எண்ணிக்கொண்டிருந்தேன். கடைசியில் பக்கத்தில் நின்ற ஒருவர் கீழே குனிந்து மோட்டார்மேல் ஸ்பேனரால் இரண்டு தட்டு தட்டினார். உடனே எடுத்தது. “செல்ஃப் போச்சு” என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

பேட்டரி வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. “டக்” வரும்போது டாஷ்போர்டு விளக்குகள் மங்குவதில்லை. ஒரு ஒர்க் ஷாப்பில் காட்டினேன். பானட்டைக்கூடத் திறக்காமல், செல்ஃப் மோட்டார், அது சுற்றிவிடுகிற ரிங் கியர் (இன்ஜினின் பல் வளையம்) இரண்டையும் மாற்ற வேண்டும், கியர் பாக்ஸை இறக்க வேண்டும், வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்றார்கள். விடவில்லை.

கையில் இருப்பது ஒரு சாக்கெட் செட், ஜாக்கி, இரண்டு ஸ்டாண்டு, ஒரு மல்டிமீட்டர். மீட்டரை இதுவரை வீட்டில் பிளக் பாயின்ட் பார்க்க மட்டுமே எடுத்திருக்கிறேன். மோட்டார்தான் போயிருக்கிறது என்று எப்படி உறுதி செய்வது? மேல் போல்ட் கண்ணுக்கே தெரியவில்லை, கையை விட்டால் விரல் நுனி மட்டும் தொடுகிறது, அதை எப்படிக் கழற்றுகிறார்கள்? புதிது வாங்குவதா, பழையதைப் பிரித்துப் பார்ப்பதா? இன்னொன்று, நான் வண்டிக்கு அடியில் போய்ப் படுப்பது என் மனைவிக்குப் பிடிக்கவே இல்லை. அவருக்குச் சொல்ல ஒரு நல்ல பதிலும் வேண்டும்.


சாவிக்கொத்து:

எனக்கும் இதே “டக்” இருந்தது. பேட்டரி டெர்மினல் இரண்டையும் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி மாட்டினேன், சரியாகிவிட்டது. முதலில் அதைப் பாருங்கள். அதுவரை வண்டியை மேட்டில் நிறுத்துங்கள். இறக்கத்தில் உருட்டி, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டு எடுத்துக்கொள்ளலாம்.


கரிக்கை:

சாவிக்கொத்து சொன்னது பல வண்டிக்குச் சரி. மண்சாலையின் வண்டிக்கு அது இல்லை என்று நினைக்கிறேன். காரணத்தை அவரே எழுதியிருக்கிறார்: ஒரே ஒரு “டக்”, விளக்கு மங்கவில்லை.

பேட்டரியில் சத்து இல்லாவிட்டாலோ டெர்மினல் சரியாகப் பிடிக்காவிட்டாலோ “டகடகடகட” என்று தையல் மெஷின் மாதிரி அடிக்கும். மோட்டாரின் காந்த சுவிட்சான சொலினாய்டு இழுக்கும், வோல்டேஜ் விழும், பிடி விட்டுப்போகும், வோல்டேஜ் ஏறும், மறுபடி இழுக்கும். விளக்கும் கூடவே துடிக்கும். மோட்டார் மட்டும் “விர்ர்” என்று சுற்றி இன்ஜின் சுற்றாமல் இருந்தால் பெண்டிக்ஸ் (மோட்டாரின் நுனியில் இருக்கும் சின்னப் பல்சக்கரம்) வழுக்குகிறது என்று அர்த்தம். “கர்ர்ர்” என்று பல் அரைபடுகிற சத்தம் வந்தால்தான் ரிங் கியர் பேச்சையே எடுக்க வேண்டும். உங்களுக்கு அது ஒரு தடவைகூட வந்ததாகத் தெரியவில்லை. பானட்டைத் திறக்காமலே ரிங் கியரின் பல்லைப் பார்த்த அந்தக் கண்ணுக்கு ஒரு கும்பிடு.

ஆனாலும் மோட்டாரை உடனே கழற்றாதீர்கள். என் பிக்கப்பில் முதன்முதலில் செல்ஃப் மாற்றியபோது இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை. மாற்றி முடித்துச் சாவியைத் திருப்பினால் பழைய கதையேதான். கடைசியில் பார்த்தால், இன்ஜினிலிருந்து சேசிஸுக்குப் போகிற எர்த் கேபிள். வெளியே பார்க்கக் கறுப்பாக, ஒழுங்காக இருந்தது. நுனியில் உறையைக் கீறிப் பார்த்தேன், உள்ளே செம்புக் கம்பி முழுக்கப் பச்சை பூத்துக் கிடந்தது. ஒரு முழம் கேபிளுக்குப் பதிலாக நல்ல மோட்டார் ஒன்றைக் கழற்றிப் போட்டிருந்தேன். அன்றிலிருந்து எனக்கு ஒரே சட்டம்தான்: முதலில் மீட்டர், அப்புறம் ஸ்பேனர்.

மீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வையுங்கள். மோட்டாரின் தலையில் உட்கார்ந்திருக்கிற சின்ன உருளைதான் சொலினாய்டு. அதில் மூன்று இடம் பார்க்க வேண்டும். பேட்டரியிலிருந்து தடித்த கேபிள் வந்து சேரும் பெரிய போல்ட் ஒன்று. அதே அளவில் இன்னொரு பெரிய போல்ட், அதிலிருந்து குட்டையான பட்டையோ பின்னல் கம்பியோ மோட்டாருக்குள் போகும். அப்புறம் சாவியிலிருந்து வரும் மெல்லிய வயர். சாவியைத் திருப்பினால் மெல்லிய வயர் உயிர் பெறுகிறது, சொலினாய்டு உள்ளே இருக்கிற தண்டை இழுக்கிறது, தண்டின் ஒரு முனை நெம்புகோல் வழியாகப் பெண்டிக்ஸ் பல்லைத் தள்ளி ரிங் கியரில் கோக்கிறது, மறுமுனையில் இருக்கிற செம்புத் தட்டு இரண்டு பெரிய போல்ட்டையும் இணைக்கிறது. மோட்டார் சுற்றுகிறது. நீங்கள் கேட்கிற “டக்” அந்தத் தண்டு போய் இடிக்கிற சத்தம். ஆக, பாதி வேலை நடக்கிறது. மிச்சப் பாதி எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி.

பேட்டரியை முதலில் சும்மா அளந்து பாருங்கள். நன்றாக சார்ஜ் ஏறிய பேட்டரி, வண்டி சில மணி நேரம் ஓடாமல் நின்ற பிறகு 12.6 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது, மேற்கொண்டு எதையும் அளக்காமல் சார்ஜ் போடுங்கள்.

அடுத்து மீட்டரின் கறுப்பு முனையை மோட்டார் உடம்பில் வைத்துக்கொண்டு, ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்போது மூன்று இடத்தையும் அளக்க வேண்டும். தடித்த கேபிள் போல்ட்டில் கிட்டத்தட்ட பேட்டரி வோல்டேஜ் வர வேண்டும். மெல்லிய வயரில் 11 வோல்ட் பக்கம் வந்தால் நல்லது, 8, 9 என்று இழுத்துக்கொண்டு நின்றால் சாவி சுவிட்சு, ரிலே, கிளட்ச் சுவிட்சு பக்கம் போய்த் தேடுங்கள். இப்போது முக்கியமானது, இரண்டாவது பெரிய போல்ட். “டக்” என்று கேட்ட பிறகும் அதில் ஒரு வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் உள்ளே செம்புத் தட்டு சரியாகப் படவில்லை. அங்கே 12 பக்கம் இருந்தும் மோட்டார் சுற்றவில்லை என்றால் மோட்டாருக்குள் கரெண்ட்டைக் கடத்துகிற கார்பன் துண்டுகளோ, சுற்றுகிற ஆர்மேச்சரோ போயிருக்கிறது.

வண்டி எடுக்கிற அந்த ஐந்தாவது தடவையில் எர்த்தையும் பார்த்துவிடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்துக்கும் இன்ஜின் பிளாக்கில் சுரண்டிய ஒரு பளபளப்பான இடத்துக்கும் நடுவில், இன்ஜின் சுற்றும்போது 0.2, 0.3 வோல்ட்டுக்குமேல் போகக் கூடாது. கேபிள் சும்மா இருக்கும்போது அளந்தால் எல்லாமே நல்ல கேபிள்தான். நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓடும்போதுதான் அதன் குணம் வெளியே வரும்.

ஒன்று மறக்க வேண்டாம். இந்தச் சோதனையின்போது யாரும் வண்டிக்கு அடியில் படுத்திருக்கக் கூடாது. மீட்டர் முனைகளில் கிளிப் மாட்டி, நீள வயர் இழுத்து, பக்கத்தில் நின்றபடி படியுங்கள். கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்குக் கட்டை. திடீரென்று எடுத்துவிட்டால் ஃபேனும் பெல்ட்டும் உங்கள் சட்டைக்காகக் காத்திருக்காது.


மண்சாலை:

கரிக்கை அண்ணா, நேற்று சாயங்காலம் அளந்தேன். மனைவி சாவியைத் திருப்பினார், மகன் மீட்டரைப் படித்தான், நான் கிளிப் மாட்டியதோடு சரி.

பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6. ஒரு மணி நேரம் ஓட்டி இன்ஜினைச் சூடாக்கிவிட்டு வந்து திருப்பியதும் வழக்கம்போல “டக்”. தடித்த கேபிள் போல்ட்டில் 12.4. மெல்லிய வயரில் 11.7. இரண்டாவது போல்ட்டில் 0.4. மூன்று தடவையும் அதே 0.4. நாலாவது தடவை எடுத்துக்கொண்டது, அப்போது பேட்டரி 10.6க்கு இறங்கியது, எர்த் 0.1.

அப்படியென்றால் கார்பன் நன்றாக இருக்கிறது, செம்புத் தட்டு மட்டும்தான் என்று எடுத்துக்கொள்ளலாமா? அப்புறம் சூடாக இருக்கும்போது மட்டும் ஏன் இந்த அடம்?


காயில்காரர்:

தம்பி, நான் செல்ஃப், ஆல்டர்னேட்டருக்குக் காயில் கட்டுகிறவன். உங்கள் 0.4 எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

சொலினாய்டுக்குள் இரண்டு கம்பிச் சுற்று (காயில்) இருக்கிறது. ஒன்று தண்டை இழுப்பதற்கு, இன்னொன்று இழுத்ததைப் பிடித்து வைப்பதற்கு. இழுக்கிற சுற்றுக்கு எர்த் கிடைப்பது மோட்டாருக்குள்ளே, கார்பன் வழியாகத்தான். கார்பன் சுத்தமாகப் போயிருந்தால் இவ்வளவு உறுதியான “டக்” கேட்காது, இரண்டாவது போல்ட்டிலும் 12 பக்கம் நிற்கும். 0.4 என்றால் கார்பன் வழி திறந்திருக்கிறது, தட்டுதான் கரெண்ட்டைக் கடத்தவில்லை. ஆனால் வழி இருக்கிறது என்பது வேறு, கார்பனில் நீளம் மிச்சம் இருக்கிறது என்பது வேறு. அது பிரித்தால்தான் தெரியும்.

சூட்டுக்கு வருவோம். செம்புச் சுற்று சூடானால் தடை கூடும், ஓடுகிற கரெண்ட் குறையும், இழுவை குறையும். குளிர்ந்திருக்கும்போது தட்டை அழுத்திப் பிடிக்கிற தண்டு, பக்கத்தில் சைலன்சர் குழாயின் சூடு ஏறிய பிறகு தொட்டும் தொடாமலும் நிற்கும். தட்டு தண்டில் தளர்வாகத்தான் உட்கார்ந்திருக்கும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் திரும்பும். கருகாத இடம் வந்து பட்டால் வண்டி எடுக்கும். உங்கள் நாலாவது தடவை ரகசியம் அதுதான்.

ஸ்பேனரால் தட்டுகிற வைத்தியத்தை இனி விட்டுவிடுங்கள். பல மோட்டார்களில் உள்ளே சுற்றுக்குப் பதில் காந்தத் துண்டுகளை ஒட்டியிருப்பார்கள். பலமாகத் தட்டினால் அது விரிசல் விடும், உடைந்த சில்லு ஆர்மேச்சரில் மாட்டிக்கொள்ளும். அந்த நிலையில் என் மேசைக்கு வந்த மோட்டார்கள் உண்டு. தட்டியவர் யார் என்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

செம்புத் தட்டும் அது தொடுகிற இரண்டு செம்பு முனைகளும் சில மாடல்களுக்குத் தனியாகவே கிடைக்கும். மாற்றுவது ஒரு மணி நேர வேலை. ஆனால் 11 வருடம் ஓடிய மோட்டார். வெளியே எடுத்ததும் கார்பனை அளந்து பாருங்கள், ஆர்மேச்சர் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கார்பன் பாதிக்குமேல் தேய்ந்து, தண்டும் அதைத் தாங்குகிற புஷ்ஷில் ஆடினால் முழு மோட்டாராகப் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஆறு மாதத்தில் அதே போல்ட்டுக்காக மறுபடி படுக்க வேண்டி வரும்.

புதிது வாங்கினால் மாட்டுவதற்கு முன் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெண்டிக்ஸில் எத்தனை பல், போல்ட் துளைகளின் தூரம், மூக்கின் நீளம், சுற்றும் திசை. ஒரு பல் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, எண்ணினால்தான் தெரியும். வெளியே வைத்தே ஓட்டியும் பார்த்துவிடுங்கள். ஜம்பர் கேபிளில் கறுப்பை மோட்டார் காதில் மாட்டி, சிவப்பைத் தடித்த கேபிள் வருகிற பெரிய போல்ட்டில் மாட்டி, அங்கிருந்து ஒரு துண்டு வயரை மெல்லிய டெர்மினலில் தொட்டால் பல் வெளியே பாய்ந்து சுற்றும். இரண்டு விநாடி போதும். வைஸில் பிடித்தோ காலால் மிதித்தோ வைத்துக்கொள்ளுங்கள், குதிரை மாதிரி துள்ளும்.


கரிக்கை:

காயில்காரர் வந்த பிறகு கண்டுபிடிக்கிற வேலை முடிந்தது. இனி கழற்றுகிற வேலை.

உங்கள் மனைவிக்கான பதிலில் தொடங்குகிறேன். பேட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்றுங்கள். கழற்றிய ஸ்பேனரையும் வண்டிச் சாவியையும் அவர் கையில் கொடுத்துவிடுங்கள். நீங்கள் வெளியே வந்து எழுந்து நின்று கேட்கும்வரை அவர் தரக் கூடாது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மோட்டாருக்குப் போகிற அந்தத் தடித்த கேபிளில் பெரும்பாலான வண்டிகளில் ஃப்யூஸ் கிடையாது, சாவி எடுத்திருந்தாலும் எப்போதும் உயிரோடு இருக்கும். ஒரு தடவை அவசரத்தில் நெகட்டிவ்வைக் கழற்றாமல் அடியில் போனேன். கேபிள் நட்டைப் பிடித்திருந்த ஸ்பேனரின் மறுமுனை சேசிஸைத் தொட்டது. வெல்டிங் மாதிரி ஒரு வெளிச்சம், கருகிய வாசனை, கண்ணில் பத்து நிமிடத்துக்கு ஊதாப் புள்ளி. அந்த 13 ஆம் நம்பர் ஸ்பேனர் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது, விளிம்பில் எலி கடித்த மாதிரி ஒரு பள்ளத்தோடு. மோதிரம், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் போங்கள். ரேடியோவைத் திறக்க ரகசிய எண் இருந்தால் முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தாங்குவது ஸ்டாண்டு. சமமான, கெட்டியான தரையில் நிறுத்தி, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஸ்டாண்டில் இறக்கியதும் வண்டியை இடுப்பால் ஓர் இடி இடித்துப் பாருங்கள். ஆடினால் இறக்கி மறுபடி வையுங்கள். உயரமான பிக்கப்பாக இருந்தால் தூக்காமலே புகுந்துவிடலாம், அதைவிட நல்லது எதுவும் இல்லை. சைலன்சர் ஆறட்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், மேலிருந்து விழுகிற மண் நேராகக் கண்ணைத்தான் தேடி வரும்.

முந்தின நாள் ராத்திரியே மோட்டாரைப் பிடிக்கிற இரண்டு போல்ட்டின் தலையிலும் துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிடுங்கள். என் வண்டியில் 14 ஆம் நம்பர், உங்களுடையதில் 17 ஆகவும் இருக்கலாம்.

மேல் போல்ட் பற்றிக் கேட்டீர்கள். அதை மோட்டார் பக்கத்திலிருந்து கழற்றப் பார்த்தால் கடைசிவரை விரல் நுனிதான் தொடும். எதிர்ப்பக்கமாக யோசியுங்கள். கியர் பாக்ஸின் வால் பக்கம் தலையை வைத்துப் படுத்துக்கொண்டு, பெல் ஹவுசிங்குக்கு (கியர் பாக்ஸின் முன்பக்க மணி வடிவ உறை) மேலே இருக்கிற இடைவெளியில் எக்ஸ்டென்ஷனை முன்னோக்கி விட வேண்டும். இரண்டு, மூன்று எக்ஸ்டென்ஷனைக் கோத்தால் அறுபது சென்டிமீட்டர் வரும். நுனியில் யுனிவர்சல் ஜாயின்ட், அதில் சாக்கெட். ஜாயின்ட் தொய்ந்து தொங்கி உயிரை வாங்கும், அதனால் அதன்மேல் இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்று சுற்றிவிடுங்கள். வளைத்த கோணத்தில் விறைப்பாக நிற்கும், திருப்பும்போது டேப் தானாக இளகிக் கொடுக்கும். ஒரு கையால் சாக்கெட்டை வழிநடத்தி, போல்ட் தலையில் முழுசாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் ராட்செட்டைத் தொட வேண்டும். அரைகுறையாக உட்கார்ந்த சாக்கெட் தலையை உருட்டிவிட்டால் அன்றைய நாள் முடிந்தது.

மேல் போல்ட்டை முழுதாகக் கழற்றுங்கள், கீழ் போல்ட்டைச் சில மரை விட்டு வையுங்கள். கேபிளையும் மெல்லிய வயரையும் அப்புறம் எடுங்கள். மோட்டாரைக் கேபிளில் தொங்கவிடாதீர்கள். ஒரு கையால் தாங்கிக்கொண்டு கீழ் போல்ட்டை எடுங்கள். கனமான சாமான், அதற்கு நேர் கீழே மூஞ்சியை வைத்துப் படுக்காமல் ஓரமாகப் படுங்கள். ஹீட் ஷீல்டு இருந்தால் எந்தப் போல்ட் எங்கே என்று ஒரு போட்டோ.

வெளியே வந்ததும் அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்து ரிங் கியரைப் பார்த்துவிடுங்கள். நான்கு சிலிண்டர் இன்ஜின் அணையும்போது பெரும்பாலும் எதிரெதிராக இருக்கும் இரண்டு இடத்தில்தான் வந்து நிற்கும், பல் தேய்வதும் அந்த இரண்டு இடத்தில்தான். கிராங்க் புல்லியின் போல்ட்டில் நீளக் கைப்பிடி போட்டு மெதுவாகச் சுற்றி முழு வட்டமும் பாருங்கள். டீசல் கம்ப்ரஷன் முரண்டு பிடிக்கும், பொறுமையாகச் சுற்ற வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு மேலிருந்து மோட்டார்மேல் ஒழுகியிருக்கிறதா என்றும் கவனியுங்கள், ஒழுகலை விட்டுவிட்டுப் புது மோட்டார் போட்டால் அதன் கார்பனும் எண்ணெயில் ஊறும்.

மாட்டும்போது மோட்டார் உட்காரும் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்துவிடுங்கள், மோட்டாருக்கு எர்த் அந்த முகம் வழியாகத்தான். கேபிள் நட்டை முழு பலத்தோடு இறுக்காதீர்கள். அது செம்பு போல்ட், முறுக்கினால் போல்ட்டே சுற்றி உள்ளே இருக்கிற முனையையும் சேர்த்துத் திருப்பிவிடும். மோட்டாரைப் பிடிக்கிற போல்ட்டுகளுக்கு உங்கள் வண்டியின் மேனுவலில் என்ன இறுக்கம் சொல்லியிருக்கிறதோ அது.


சாவிக்கொத்து:

இவ்வளவு இருக்கிறதா? நான் ஹேண்டில் போட்டுச் சுற்றுகிற காலத்துக்கே போய்விடுகிறேன்.


கரிக்கை:

போக வேண்டாம். ஹேண்டில் சில சமயம் திருப்பி அடிக்கும், மணிக்கட்டு ஒடிந்தவர்கள் உண்டு. சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912 கேடிலாக்கில் வந்ததும் ஜனங்கள் விழுந்தடித்துக்கொண்டு அதற்கு மாறியது சும்மா இல்லை. போல்ட்டைக் கழற்றுவது அதைவிடச் சுலபம்.


மண்சாலை:

முடித்துவிட்டேன். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்கி, முடிக்கும்போது மதியம் ஒன்றரை மணி ஆகிவிட்டது. அதில் மேல் போல்ட்டுக்கு மட்டும் ஒன்றே முக்கால் மணி நேரம்.

ஸ்பேனரும் சாவியும் மனைவியிடம். அவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டார்ச் பிடித்தார். நடுவில் ஒரு தடவை “எக்ஸ்டென்ஷன் கோணலாகப் போகிறது” என்று சொன்னார். நான் இல்லை என்றேன். கோணலாகத்தான் போயிருந்தது. டேப் சுற்றுகிற யோசனை இல்லாவிட்டால் அன்று அந்தப் போல்ட் கழன்றிருக்காது. மூன்று தடவை சாக்கெட் நழுவி விழுந்தது. நாலாவது தடவை விரலால் தடவிப் பார்த்தேன், போல்ட் தலையின் விளிம்பு சாக்கெட்டுக்குள் முழுசாக மறைந்திருந்தது. ராட்செட்டை இழுத்ததும் “கிரீச்” என்று ஒரு சத்தம். உடைந்துவிட்டது என்று நினைத்து அப்படியே படுத்திருந்தேன். உடையவில்லை, இளகியிருந்தது.

மோட்டாரைக் குளியலறை எடை மெஷினில் வைத்துப் பார்த்தேன். 5.8 கிலோ. மார்பில் விழுந்தபோது அதைவிட அதிகமாகத் தோன்றியது. (ஓரமாகப் படுக்கச் சொன்னீர்கள். படுத்தேன். அப்புறம் வசதிக்காக நகர்ந்துவிட்டேன்.)

ரிங் கியரை முழு வட்டமும் பார்த்தாயிற்று. எல்லாப் பல்லும் கூராக இருக்கிறது, இரண்டு இடத்தில் மட்டும் விளிம்பு லேசாக மழுங்கியிருக்கிறது. இதற்காகத்தான் கியர் பாக்ஸை இறக்கச் சொன்னார்கள்.

அப்புறம் சொலினாய்டைத் திறந்தேன். செம்புத் தட்டு வட்டமாக இருந்திருக்க வேண்டும், இருந்தது தேய்பிறை. ஒரு பக்கம் கருகி, குழி குழியாக, விளிம்பு காணாமல் போயிருந்தது. கேபிள் பக்க முனை பாதிக்குமேல் கரைந்திருந்தது. கார்பன் நான்கில் மூன்று 7 மி.மீ., ஒன்று 6. கடையில் புது கார்பனைக் கேட்டு வாங்கி அளந்தேன், 14. தண்டும் புஷ்ஷில் கிடுகிடுவென்று ஆடியது. அதனால் முழு மோட்டாராகவே வாங்கினேன். காயில்காரர் ஐயாவுக்குத் தனி நன்றி, முதலில் கொடுத்த மோட்டாரில் 10 பல். என் பழையதில் 9. கடைக்காரர் “அதேதான் சார், ஒன்றும் ஆகாது” என்றார். இரண்டையும் மேசையில் வைத்து அவர் முன்னாலேயே எண்ணினேன். உள்ளே போய் வேறு கொண்டுவந்தார். அதைக் காலால் மிதித்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தேன், குதிரை என்று எழுதியது கொஞ்சமும் மிகையில்லை.

மாட்டினேன். முகத்தைத் தேய்த்தேன், நட்டை அளவாக இறுக்கினேன், வெளியே வந்து எழுந்து நின்று ஸ்பேனரைக் கேட்டு வாங்கினேன். நெகட்டிவ் மாட்டிச் சாவியைத் திருப்பினேன். ஒன்றுமே இல்லை. அந்த “டக்”கூட இல்லை. மூன்று வாரமாக அந்தச் சத்தத்தைத் திட்டிக்கொண்டிருந்தவன், அன்று அது வராதா என்று ஏங்கினேன்.

மனைவிதான் டார்ச்சைக் கீழே அடித்து, “அந்தச் சின்ன வயர் எதற்கு அங்கே தொங்குகிறது?” என்று கேட்டார். கழற்றும்போது இடைஞ்சலாக இருக்கிறதென்று மெல்லிய வயரை டீசல் குழாய்க்கு மேலே செருகி வைத்திருந்தேன். மறுபடி நெகட்டிவ், மறுபடி ஸ்பேனர் அவர் கையில், மறுபடி அடியில். சொருகியதும் “க்ளிக்” என்று பூட்டியது.

இந்தத் தடவை முதல் திருப்பிலேயே எடுத்தது. பழைய மோட்டார் இழுத்து இழுத்துச் சுற்றியதுதான் அதன் இயல்பு என்று இத்தனை வருடம் நினைத்திருக்கிறேன். இது “சர்” என்று சுற்றுகிறது. இன்றைக்கு வேண்டுமென்றே சுமையோடு ஒரு மணி நேரம் ஓட்டி, அணைத்து, பத்து நிமிடம் காத்திருந்து, ஐந்து தடவை எடுத்துப் பார்த்தேன். ஐந்தும் எடுத்தது.

ஒரே ஒரு சந்தேகம். வாஷரோடு ஒரு 10 ஆம் நம்பர் போல்ட் தரையில் மிச்சம் கிடக்கிறது. மோட்டாருடையது இல்லை என்று நிச்சயமாகத் தெரியும்.


கரிக்கை:

ஹீட் ஷீல்டு மாட்டினீர்களா?


மண்சாலை:

மாட்டினேன்.


கரிக்கை:

எத்தனை போல்ட்டில்? போட்டோவை எடுத்துப் பாருங்கள்.


மண்சாலை:

போட்டோவில் மூன்று இருக்கிறது. நான் மாட்டியது இரண்டு.

ஸ்பேனரை மனைவியிடம் கொடுத்துவிட்டு வருகிறேன்.